குமரப்பாவின் வீட்டுக் கணக்கு

கடையில் ஒரு பொருளை எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டால் அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கேதான் கணக்கு தொடங்குகிறது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒரு பட்டயக் கணக்காளர் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்த தமிழர். லண்டனில் படித்து, பம்பாயில் தொழில் செய்து, நியூயோர்க்கில் பட்டம் பெற்று, கடைசியில் மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் குடிசையில் வாழ்ந்தவர். ஜே.சி. குமரப்பா என்பது அவரது பெயர்.

சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வீட்டில் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. சைக்கிளில் போங்கள், மின்சாரத்தைக் குறையுங்கள், பழையதைத் திருத்திப் பாவியுங்கள், உள்ளூரில் விளைந்ததைச் சாப்பிடுங்கள் என்று அவை சொல்லும். 1990களில் வடக்கில் வாழ்ந்த எவருக்கும் அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவ்வளவையும் அவர்கள் செய்து முடித்தவர்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். ஆனால் அதை யாரும் விரும்பிச் செய்யவில்லை. பொருளாதாரத் தடை செய்வித்தது. ஆகவே எளிமையாக வாழுங்கள் என்று எவராவது மேடையில் சொன்னால், அந்தத் தலைமுறைக்கு ஒரு கசப்பு வருவது இயல்பு. குமரப்பாவின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது, எதை வாங்குவது எதை விடுவது என்று கணக்குப் பார்த்துத் தெரிவு செய்த மனிதர் அவர்.

1892 ஜனவரி 4ஆம் திகதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தகப்பனார் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். வசதிக்குக் குறைவில்லை. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் லண்டனுக்குப் போய்க் கணக்கியல் படித்து, 1919இல் பட்டயக் கணக்காளராகி நாடு திரும்பினார். பம்பாயில் கொர்னேலியஸ் அன்ட் தாவர் என்ற கணக்காய்வு நிறுவனத்தில் பங்காளியாக இருந்தார். கோட்டும் சூட்டும், ஆங்கிலப் பேச்சும், மேசையில் கரண்டியோடு சாப்பாடுமாக இருந்த அந்த நாட்களில், அவருக்கும் கிராமத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

1927இல் அமெரிக்கா போனார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று அவர் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வாகச் செய்யச் சொன்னார். பொது நிதியில் பேர்பெற்ற அறிஞர் அவர். குமரப்பா தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்: பிரித்தானிய அரசின் வரவு செலவை எடுத்து, ஒரு கம்பனியின் ஏட்டைச் சோதிப்பதுபோல் வரிவரியாகச் சோதித்தார். ஏழையிடம் வாங்கிய வரி இராணுவத்துக்கும் கடனுக்கும் பெரிய உத்தியோகத்தர்களின் சம்பளத்துக்கும் போவதைக் கண்டார். அதுவரை பேரரசின்மேல் அவருக்கு இருந்த மதிப்பு அந்த ஏட்டோடு கரைந்தது.

1929இல் திரும்பி வந்ததும், ஆய்வேட்டை அச்சிட வழி தேடிக் காந்தியைப் பார்க்கப் போனார். மே 9ஆம் திகதி சபர்மதி ஆசிரமத்தில் நடந்த அந்தச் சந்திப்பைப் பிற்பாடு அவரே சுவையாகச் சொல்வதுண்டு. கோட்டும் சூட்டுமாகப் போனவர், மரத்தடியில் சாணம் மெழுகிய நிலத்தில் ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்று பார்த்தார். நேரம் இருந்ததால் ஊன்றுகோலில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றார். முதியவர் நிமிர்ந்து பெயரைக் கேட்டபோதுதான், அவரே காந்தி என்று விளங்கியது. கால்சட்டையின் மடிப்புக் குலையும் என்ற யோசனையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்சக் காலத்தில் அந்த உடுப்பையே விட்டுக் கதருக்கு மாறினார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். மதத்தை மாற்றவில்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார்; அதேவேளை ஆட்சியாளரின் வன்முறையைக் கண்டும் பேசாமலிருந்த கிறிஸ்தவத் திருச்சபைத் தலைவர்களோடு எழுத்தில் சண்டையும் பிடித்தார்.

காந்தி அவரைக் குஜராத்தின் மாத்தர் வட்டாரத்துக்கு அனுப்பினார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், ஒரு விவசாயக் குடும்பம் என்ன விளைவிக்கிறது, என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு கடன்படுகிறது என்று பதிய வேண்டும். பேரரசின் கணக்கைப் பார்த்தவர் இப்போது அடுப்பங்கரைக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். என் பார்வையில் அவரை உருவாக்கியது கொலம்பியாவைவிட மாத்தர்தான்.

1934 ஜனவரியில் பீகாரைப் பூமியதிர்ச்சி நாசமாக்கியது. நிவாரண நிதிக்குப் பொறுப்பாகக் குமரப்பாவை அழைத்தார்கள். ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டார். காந்தியும் அவரது குழுவினரும் பாட்னா வந்தபோது, அவர்களது செலவை நிவாரண நிதியில் போட முடியாது என்று சொல்லிவிட்டார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடும் செய்தி. பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் வந்த பணம் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் என்பது அவரது கணக்கு. நிவாரணம் என்ற சொல்லோடு பல ஆண்டுகள் வாழ்ந்த எங்களுக்கு, அப்படியொரு கணக்காளர் எவ்வளவு அரிதானவர் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் மகன்வாடி என்ற தோட்டமே அலுவலகம், பட்டறை, பள்ளிக்கூடம், வீடு எல்லாம். அங்கே நடந்தவற்றைக் கேட்டால் இன்று ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுகூடம் என்றுதான் தோன்றும். அந்தச் சொல் அப்போது புழக்கத்திலேயே இல்லை.

மண்ணெண்ணெய் வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. ஊரில் உள்ள மரங்களின் விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம், அதில் எரியும் விளக்கு வேண்டும் என்று யோசித்து ஒரு விளக்கைச் செய்தார்கள். அதற்கு மகன் தீபம் என்று பெயர். புகையால் பெண்களின் கண்ணும் நெஞ்சும் கெடுகிறது என்று, விறகைக் குறைத்துப் புகையைக் குழாய் வழியே வெளியே விடும் மண் அடுப்பைச் செய்தார்கள். ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் சத்தும் போகிறது, குத்திக் கொடுத்து வாழ்ந்தவளின் கூலியும் போகிறது என்பதால், தவிடு போகாத அரிசிதான் சமையலறைக்கு வந்தது. எண்ணெய்க்கு மரச் செக்கு. எழுதக் கைக்காகிதம், சங்கத்தின் கிராம உத்தியோக் பத்திரிகையும் கைக்காகிதத்தில்தான் அச்சானது. மனிதக் கழிவும் மாட்டுச் சாணமும் குப்பையும் எருவாகி வயலுக்குப் போக வேண்டும் என்பதற்காகக் குழி மலசலகூட அமைப்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சாதி பார்க்கும் சமூகத்தில் படித்த மனிதர்கள் மலக்குழியில் கைவைத்தது சின்னக் காரியமல்ல.

பனையை அவர் பார்த்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். அந்த நிலத்தில் நெல்லோ தானியமோ விளைவிக்கலாம். பனை, தரிசில் தானாக நிற்கும் மரம். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அப்படியென்றால் இனிப்பைப் பனையிடம் கேட்டுவிட்டுக் கரும்பு நிலத்தைச் சாப்பாட்டுக்கு விடுவதுதானே முறை என்று கணக்குப் போட்டார். சங்கத்தின் பனைவெல்ல வேலை அந்தக் கணக்கில் நடந்தது. தேத்தண்ணீருக்கு ஒரு கடி பனங்கட்டி கடித்து வளர்ந்த எங்களுக்கு இது பொருளாதாரப் பாடமாகத் தெரிவதில்லை. பதுங்குகுழிக்குத் தறித்த பனைகளையும் செல்லடியில் தலையிழந்த பனைகளையும் நினைத்தால், அந்தக் கணக்கில் நாங்கள் இழந்தது எவ்வளவு என்று தெரியும்.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியபின் மீண்டும் சிறைக்குப் போனார். ஜபல்பூர் சிறையில் உடல் மோசமாகக் கெட்டது. அங்கேதான் அவரது முக்கியமான இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனை பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டும் 1945இல் வெளிவந்தன. காந்தி இரண்டையும் வாசித்துப் பாராட்டி, விளையாட்டாக அவருக்கு இரண்டு கலாநிதிப் பட்டங்களையும் சூட்டினார்.

இரண்டாவது நூலின் அடிப்படை எவருக்கும் விளங்கக்கூடியது. இயற்கை தரும் செல்வம் இரண்டு வகை. ஒன்று தேங்கிய குளம்: நிலக்கரி, பெற்றோலியம், உலோகங்கள். எடுக்க எடுக்கக் குறையும், மீண்டும் ஊறாது. மற்றது ஓடுகிற ஆறு: மரம், பயிர், மாட்டின் உழைப்பு, மனிதனின் கை. அளவாக எடுத்தால் மீண்டும் வரும். குளத்தை நம்பி வாழும் நாடுகள், குளம் வற்ற வற்ற அடுத்தவன் குளத்துக்குப் படை எடுத்துப் போகத்தான் வேண்டும். போர் என்பது தலைவர்களின் கெட்ட குணத்தால் மட்டும் வருவதில்லை. அன்றாடம் நாம் எதை எரிக்கிறோம் என்பதிலிருந்தும் வருகிறது என்று, உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது சிறையிலிருந்து எழுதினார். பசுமை இல்ல வாயு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க்கும் குண்டுக்கும் உள்ள உறவை மட்டும் சொன்னார்.

வாங்குபவரையும் அவர் விடவில்லை. ஒரு கொக்கோப் பேணியை உதாரணமாக எடுப்பார். ஆபிரிக்காவில் அது விளைந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது? வேலை செய்தவனுக்குக் கூலி கிடைத்ததா? வந்த கடல் வழியைக் காப்பது எந்த நாட்டுப் போர்க்கப்பல்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குகிறவன் திருட்டில் பங்காளி என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் இதை வாங்கிக் குடிப்பவர் யார்? கணக்காய்வாளரின் பழக்கம் இது. ஏட்டில் எழுதாத செலவைத் தேடுவது. வழி தெரியாத தூரத்திலிருந்து வரும் பொருளுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பதில் பெற முடியாது. பக்கத்து ஊர்க்காரன் செய்ததென்றால் போய்ப் பார்க்கலாம். அவர் உள்ளூர்ப் பொருளை விரும்பியதற்கு முதற்காரணம் ஊர்ப்பற்று அல்ல, இந்தக் கணக்குத்தான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். வாழ்க்கைத் தரத்தில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பேசுவது தவறு. சிக்கலானது, எளிமையானது என்று பேசலாம் என்பார். பற்பசையும் தூரிகையும் பாவிப்பவர் உயர்ந்தவரும் இல்லை, வேப்பங்குச்சியால் பல்துலக்குபவர் தாழ்ந்தவரும் இல்லை. குச்சி அன்றன்றைக்குப் புதிது, மரத்தில் மீண்டும் துளிர்க்கும், மென்று எறிந்தால் மண்ணாகும். இப்படிச் சின்னச் சின்னப் பொருள்களாக எடுத்து விளக்குவார். உடுப்பிலும் அதே விசாரணைதான். வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் இடைப்பட்ட ஓர் உடையைத் தாமே வடிவமைத்து உடுத்திக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரிக்க வேண்டும். மகன் தீபத்துக்கும் ஜாம் போத்தல் விளக்குக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் ஒன்று யோசித்துச் செய்த விளக்கு, மற்றது ஒடுக்குவதற்காகப் பறிக்கப்பட்ட வெளிச்சத்தின் மிச்சம். குமரப்பா இல்லாமையைப் புகழ்ந்தவரே அல்ல. ஏழையின் பட்டினியை எளிமை என்று சொல்பவர்களிடம் அவர் கோபப்பட்டார். கோபம் அவருக்குச் சட்டென்று வரும், நண்பர்களே அதை ஒத்துக்கொள்வார்கள். ஊரவன் வயிறாரச் சாப்பிட்டு, உடுத்து, தன் கையால் உழைத்து மதிப்போடு வாழ வேண்டும், அது அடுத்தவனைச் சுரண்டாமல் நடக்க வேண்டும் என்பதே அவரது வாதம். தடைக்காலத்தில் எங்கள் தாய்மார் கற்ற சிக்கனத்தைத் தடைபோட்டவர்களின் கொடை என்று நினைத்து ஒதுக்கிவிடவும் தேவையில்லை. அந்தக் கைத்திறன் அவர்களுடையது.

அவரோடு முரண்பட வேண்டிய இடமும் உண்டு. உரலில் குத்திய அரிசி நல்லதுதான், குத்துவது யார்? தண்ணீர் அள்ளி, விறகு பொறுக்கி, பிள்ளையும் பார்க்கும் பெண்ணின் தோளில் அந்த உலக்கையும் ஏறுகிறது. திருமணம் செய்யாமல் ஆசிரமத்தில் வாழ்ந்தவருக்கு அந்தப் பாரம் முழுவதும் தெரிந்திருக்குமா என்பது நியாயமான சந்தேகம். புகையில்லா அடுப்பு அந்தத் திசையில் ஒரு அடி. போதியது என்று சொல்ல முடியாது. குடும்பத் தலைவியாகத் தனித்து நிற்கும் பெண்கள் இத்தனை பேர் உள்ள மண்ணிலிருந்து அவரைப் படிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

மண்ணைப் பற்றி அவர் சொன்னவை இன்னும் கூர்மையானவை. உழவு இயந்திரம் வேகமாக உழும், ஆனால் சாணம் போடாது, பெற்றோலியத்தையும் கேட்கும். மாடு மெல்ல உழும், எரு தரும், வைக்கோலைத் தின்னும் என்று ஒப்பிட்டுக் காட்டினார். இரசாயன உரம் நிலத்தை உசுப்பி வேலை வாங்கும், நிலத்துக்குச் சாப்பாடு போடாது என்று எச்சரித்தார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா அதற்கு ஒரு முக்கிய காரணம். அதே யூரியாவை ஒரு காலத்தில் தடைப்பட்டியலில் வைத்திருந்தது அரசாங்கம். பிறகு 2021இல் நாடு முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்து விவசாயி வீதிக்கு வந்தபின், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையை விலக்கியது. இயற்கை விவசாயம் என்ற பெயரில் அது நடந்தது. குமரப்பாவின் வழி அதுவல்ல. அவர் முதலில் எருக்குழியை வெட்டினார், மாட்டைக் கட்டினார், ஊரோடு இருந்து செய்து காட்டினார். மேலிருந்து வரும் கட்டளையால் மண்ணைத் திருத்தலாம் என்று அவர் நம்பியதில்லை.

சுதந்திரம் வந்தபின் அவருக்கும் டில்லிக்கும் ஒத்துப்போகவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்து 1949இல் அறிக்கை கொடுத்தார்; உழுபவனுக்கே நிலம் என்ற அதன் பரிந்துரைகளில் பெரும்பகுதி ஏட்டோடு நின்றது. பெரிய ஆலைகள், பெரிய அணைகள் என்று திட்டங்கள் போன திசையை வெளிப்படையாகக் கண்டித்தார். டில்லியில் ஒரு கூட்டத்துக்குக் குதிரை வண்டியில் போனபோது, அந்த வீதியில் வண்டிகளுக்கு அனுமதியில்லை என்று பொலிஸ் தடுத்ததாகவும், மோட்டார் வாகனங்களால்தான் ஆபத்தென்றால் அவற்றையல்லவா தடுக்க வேண்டும் என்று நேருவிடமே அவர் வாதாடியதாகவும் சொல்வார்கள்.

இரத்த அழுத்தம் அவரை ஒடுக்கியது. 1950களின் நடுப்பகுதியில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். சிறிய குடிசை, கொஞ்சப் புத்தகம், ஒழுங்காக அடுக்கிய சாமான்கள். சுவரில் காந்தியின் படமும், அதனுடன் பெயர் தெரியாத ஓர் ஏழை விவசாயியின் படமும் இருந்தன. யார் அது என்று கேட்டவர்களுக்கு, காந்தி தமக்குக் குரு என்றும் இவர் அந்தக் குருவுக்குக் குரு என்றும் அறிமுகம் செய்வாராம்.

கடைசியில் சென்னை அரச பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1960 ஜனவரி 30ஆம் திகதி, காந்தி சுடப்பட்டு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், அங்கே காலமானார். வயது 68. சொத்தென்று விட்டுப்போக அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. வார்தாவில் காந்தி 1938இல் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்ற கைத்தொழில் காட்சிசாலை இன்றும் இருக்கிறது. கல்லுப்பட்டி ஆசிரமமும் இருக்கிறது.